லேக் ஃபோர்க் ஏரியும் எங்கள் பழைய பாஸ் போட்டும்

மார்ச் 14, வெள்ளி: டாலஸிலிருந்து ஆல்பா

டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் என்ற மீனைப் பிடிக்கப் போகிறோம்; ஏரிக்குப் பக்கத்து ஊர்தான் ஆல்பா. மதியம் கிளம்பும்போதே காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வானமெல்லாம் புழுதி, சூரியன் மங்கலாக மஞ்சள் பூத்துத் தெரிந்தது. பின்னால் பதினெட்டு அடி போட்டை இழுத்துக்கொண்டு போகும்போது இப்படிக் காற்றடித்தால், லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடும். 60 மைலுக்கு மேல் வேகம் எடுக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் மச்சான். என் மனைவியின் தம்பி. "அத்தான், இந்தக் காத்துல மீன் கடிக்குமா?" என்று கிரீன்வில் தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

போட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2005 மாடல், ஃபைபர் கிளாஸ், 150 குதிரைத்திறன் மோட்டார், ட்ரெய்லரோடு சேர்த்து 9,500 டாலர். புதிதாக வாங்கப் போனால் இதே அளவுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு கேட்கிறார்கள். வாங்கும் முன் மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தோம். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் கம்ப்ரஷன் அளந்தோம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. கீழ் கியர் பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தோம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். இதில் சுத்தமாக இருந்தது. மோட்டாரின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, அதைத் தாங்கும் பின்பலகை கூடவே அசைகிறதா என்று பார்த்தோம். அசையவில்லை. டெக்சாஸில் போட்டுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), மோட்டாருக்குத் தனியாக இன்னொரு டைட்டில், ட்ரெய்லருக்கு வேறு பதிவு. மூன்றும் விற்றவர் பெயரிலேயே இருந்தன. பழைய போட் வாங்குகிறவர்கள் இந்த மூன்றையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஹைவே 69-ல் லோன் ஓக் தாண்டி, பாயிண்ட் என்ற சின்ன ஊரை நெருங்கும்போது ஒரு வாடை வந்தது. கருகின கிரீஸ் வாடை. ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால், ட்ரெய்லரின் வலப்பக்கச் சக்கரத்தின் நடுவிலிருந்து லேசாகப் புகை. பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. பேரிங் போய்விட்டது.

போட் ட்ரெய்லருக்கு இது அடிக்கடி வருகிற நோய். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப்பை, அதாவது பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதியை, நேராகக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பின்பக்க ரப்பர் சீல் பழசாக இருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, பிறகு ஒருநாள் இப்படி நடுரோட்டில் வேலையைக் காட்டும். அந்த சீல் சில டாலர் சமாச்சாரம்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. இறங்கியவருக்கு எழுபது வயது இருக்கும், தலையில் வைக்கோல் தொப்பி. என்ன ஆச்சு என்று கேட்கக்கூட இல்லை. வாடையை வைத்தே தெரிந்துகொண்டு, தன் வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றினோம். வெளிப்பேரிங்கைத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பி அதன் மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்தார்: எல் 44649. "இது எந்தக் கடையிலும் கிடைக்கும்" என்று சொல்லி, மச்சானை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊரான எமரிக்குப் போனார். நான் காற்றில் போட்டோடு நின்றேன்.

முக்கால் மணி நேரத்தில் பேரிங் செட், சீல், ஒரு டப்பா கிரீஸ் எல்லாம் வந்தன. மொத்தம் 41 டாலர். பெரியவர் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து வைத்து, பேரிங்கை அதன்மேல் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடவில்லை. பிறகு நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கொண்டை ஊசியை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டே, எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். லேக் ஃபோர்க் என்றதும் முகம் மலர்ந்தது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. இடப்பக்கச் சக்கரத்தையும் சீக்கிரம் மாற்றிவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏரிக்கரைக்கு வரும்போது இருட்டிவிட்டது. மரீனா என்கிற படகுத்துறையில் ஒரு சின்ன கேபின், இரவுக்கு 110 டாலர். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, வெளியே போட்டின் பேட்டரிகளுக்கு சார்ஜ் போட மின்இணைப்பு. அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கேட்ஃபிஷ் பொரித்துக் கொடுத்தார்கள். மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி, கூடவே ஹஷ் பப்பி என்று மாவு உருண்டை, பீன்ஸ், முட்டைக்கோஸ் சாலட். ஒருவருக்கு 16 டாலர். மீன் அருமை. உப்பும் காரமும் எங்கள் நாக்குக்குப் பத்தவில்லை; மச்சான் மேசையில் இருந்த சிவப்பு மிளகாய் சாஸைப் பாதி பாட்டில் காலி பண்ணினான். பரிமாறிய அம்மா எல்லோரையும் "ஹனி" என்றே கூப்பிட்டார். ஐஸ் டீயைக் கேட்காமலே நிரப்பிக்கொண்டே இருந்தார். அதில் இருந்த சர்க்கரையைச் சொல்லி மாளாது.

வெளியே வந்தால் பௌர்ணமி நிலா. காற்று கொஞ்சம்கூடக் குறையவில்லை.

மார்ச் 15, சனி: ஏரியில்

விடியுமுன் ஒரு டோனட் கடை திறந்திருந்தது. டெக்சாஸில் இந்தக் கடைகள் பலவற்றைக் கம்போடியக் குடும்பங்கள்தான் நடத்துகின்றன. இங்கேயும் கல்லாவில் அப்படி ஒரு அக்கா. கொலாச்சி என்ற, சாஸேஜ் வைத்துச் சுட்ட பன் இரண்டு, காப்பி இரண்டு, 11 டாலர். கிளம்பும்போது இரண்டு டோனட் உருண்டைகளைப் பையில் போட்டு, "ஏரியில் குளிரும்" என்றார்.

குளிரத்தான் செய்தது. போட்டை இறக்கும்போது ஏரித் தண்ணீர் 59 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கருவி காட்டியது. பெரியவாய் பாஸ் முட்டையிடக் கரைக்கு வருவது ஏறக்குறைய 60-ஐத் தொட்ட பிறகுதான். அதற்கு முன்னாலேயே ஆழத்திலிருந்து கிளம்பி, கரைக்கு வரும் வழியில் நிற்கும். இந்த வாரங்களுக்காகத்தான் நாடெங்கும் இருந்து இங்கே வருகிறார்கள். ஆங்கிலத்தில் சீ பாஸ் என்கிற நம் ஊர் கொடுவாய்க்கும் இதற்கும் உறவு கிடையாது. இது நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம்.

லேக் ஃபோர்க் 27,000 ஏக்கருக்கு மேல். 1980-ல் அணை கட்டி முடித்தபோது உள்ளே இருந்த மரங்களைப் பெருமளவு வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ஏரி நடுவே பட்ட மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மேலே தெரியாத கட்டைகள் அதைவிட அதிகம். அதனால் மிதவை நட்டு வைத்த போட் பாதையை விட்டு விலகினால் வேகம் கூடாது. மோட்டாரை நிறுத்தும் கயிறு எப்போதும் என் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து இது மத்திய சட்டமும்கூட. கட்டையில் மோதி ஆள் வெளியே விழுந்தால் மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும்.

முதலில் லிப்லெஸ் க்ராங்க்பெய்ட். உள்ளே குண்டுகள் கலகலக்கும் அரை அவுன்ஸ் பிளாஸ்டிக் மீன், நிறம் செங்கல் சிவப்பு. வசந்த காலத் தொடக்கத்தில் பாஸ் க்ரேஃபிஷ் என்ற, இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணிகளைத் தேடித் தின்னும், அதனால் இந்தச் சிவப்பு. ஹைட்ரில்லா பாசிக்கு மேலாக இழுத்து வர வேண்டும். பாசியில் மாட்டினால் தூண்டில் ராடை ஒரு வெட்டு வெட்டிப் பிய்க்க வேண்டும். மீன் கடிப்பது பெரும்பாலும் அந்தப் பிய்த்துக்கொள்ளும் கணத்தில்தான்.

மச்சானுக்கு பெய்ட்காஸ்டர் ரீல், அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ஒருவகை உருளை, புதுசு. எதிர்காற்றில் வீசினான், உருளை வேகமாகச் சுற்ற, இரை மெதுவாகப் போக, நரம்பு முழுவதும் சிக்கல். உட்கார்ந்து இருபது நிமிடம் பிரித்தோம். இந்த ரீலில் கட்டைவிரல்தான் பிரேக். ராடை நேராக நீட்டி, இரை தன் எடையில் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்கும்படி பக்கத்துத் திருகை வைத்துக்கொள்ள வேண்டும். காற்றை எதிர்த்து வீசினால் பிரேக்கை இன்னும் இரண்டு எண் கூட்ட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பாதி தூரம்தான் வீசினான், ஆனால் சிக்கல் இல்லை. அவனுக்குத்தான் முதல் மீனும் கிடைத்தது, 14 அங்குலம்.

பதினொரு மணிக்கு மேல் கடி நின்றுவிட்டது. டெக்சாஸ் ரிக்குக்கு மாறினோம். ரிக் என்றால் தூண்டில் முள்ளையும் இரையையும் கோக்கும் முறை. துப்பாக்கிக் குண்டு வடிவில் ஒரு டங்ஸ்டன் குண்டை நரம்பில் கோத்து, அதற்குக் கீழே முள். ரப்பர் புழுவின் மூக்கில் முள்ளைக் கால் அங்குலம் செலுத்தி வெளியே எடுத்து, முழுவதும் இழுத்து, முள்ளைத் திருப்பி, புழு நேராகத் தொங்கும் இடம் பார்த்து, நுனியை உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். புழு கொஞ்சம் வளைந்திருந்தாலும் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஒழுங்காகக் கோத்தால் மரக்கிளை நடுவே போட்டாலும் மாட்டாது. இவ்வளவு மரம் இருக்கும் ஏரியில் எனக்கு இதைவிட நம்பிக்கையான வித்தை வேறு எதுவும் இல்லை.

சாப்பாடு போட்டிலேயே. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். அலுமினியத் தாளைப் பிரித்ததும் வந்த நல்லெண்ணெய் வாசனைக்கு முன்னால் முந்தைய ராத்திரி சாப்பாடு நிற்காது.

இரண்டு மணிக்கு முன்பக்க ட்ரோலிங் மோட்டார் முனகத் தொடங்கியது. காலால் திருப்பும் சின்ன மின்மோட்டார் அது, சத்தமில்லாமல் போட்டை நகர்த்த. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஒன்று படுத்துவிட்டால் மற்றதும் உதவாது. மீட்டர் வைத்துப் பார்த்தோம்: ஒன்று 12.6, மற்றது 9 சொச்சம். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய் மரக்கூட்டத்தில் சேர்த்தது. பெரிய மோட்டாருக்குத் தனி பேட்டரி, அதற்கு ஒன்றும் இல்லை. கரைக்குத் திரும்பிவிடலாம்தான். ஆனால் வெளிச்சம் இருந்தது. கயிற்றை எடுத்து ஒரு மரத்தில் போட்டைக் கட்டினோம்.

நகர முடியாது, ஆகவே வாக்கி ரிக். ஐந்து அங்குலப் புழு ஒன்றின் நட்ட நடுவில் முள்ளைக் குத்தி, குண்டே இல்லாமல் மரத்தடியில் போடுவது. புழுவில் உப்பு கலந்திருப்பதால் தானாக அமிழும். அமிழும்போது இரண்டு முனையும் நடுங்கும். நாம் செய்ய ஒன்றுமில்லை. நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நரம்பு ஒரு விரற்கடை துள்ளி, பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. தொய்வை எடுத்துவிட்டு ராடை இழுத்தேன்.

மீன் நேராக மரத்தைச் சுற்றத்தான் பார்த்தது. மச்சான் வலையோடு குப்புறப் படுத்துவிட்டான். மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறியபோது செவுள் சிவப்பு தெரிந்தது. அளவுப் பலகையில் இருபத்தொன்றரை அங்குலம், தராசில் 5.8 பவுண்டு. கீழ்த்தாடையை ஒரு கையிலும் வயிற்றை மறு கையிலும் தாங்கிப் பிடித்தேன். இந்த எடையுள்ள மீனைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால் தாடை பிசகிவிடும். ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டோம். விட்டே ஆகவும் வேண்டும்: இந்த ஏரியில் 16-லிருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸை யாரும் எடுத்துப் போகக் கூடாது. ஒருவருக்கு நாளுக்கு ஐந்து. அதில் 24-ஐத் தொட்டதோ தாண்டியதோ ஒன்றுதான் இருக்கலாம்.

அந்த மரத்திலேயே சாயங்காலம் வரை இருந்தோம். இன்னும் சில மீன்கள் வந்தன.

மார்ச் 16, ஞாயிறு: காற்று ஓய்ந்தது

மரீனா கடையில் பேட்டரி 139 டாலர். ஊருக்குள் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு காலைப் பொழுதை அதற்காக ஓட்டிக் கழிக்க மனமில்லை. பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தால் ஏழு வருடம் ஓடியிருக்கிறது. அதன் கடமையை அது செய்துவிட்டது.

கடைக்காரர் பேச்சுப் பிரியர். 1986-ல் இந்த ஏரியில் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த 17.67 பவுண்டு மீனைப் பற்றி நேற்று நடந்த மாதிரி சொன்னார். எதெல் என்று பெயர் வைத்து, உயிரோடு மீன்தொட்டியில் வைத்துப் பல வருடம் காட்டினார்கள். 13 பவுண்டுக்கு மேல் உள்ள மீன்களை இனவிருத்திக்குக் கொடுக்கும் மாநிலத் திட்டம் அந்த மீனோடு தொடங்கியதுதான். 1992-ல் இதே ஏரியில் கிடைத்த 18.18 பவுண்டு இன்றைக்கும் டெக்சாஸ் சாதனை. முன்னால் பார்க்கும் சோனார் (ஒலியலையால் தண்ணீருக்குள் மீனைக் காட்டும் கருவி) இல்லாமல் இப்போது மீன்பிடிப் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது என்றும் சொன்னார். அந்தக் கருவியின் விலை பல ஆயிரம் டாலர், எங்கள் போட்டின் விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். எங்களிடம் இருப்பது ஆழமும் வெப்பமும் காட்டும் பழைய திரை. மரங்களும் தண்ணீரில் முங்கிய பழைய ரோடுகளும் வரைபடத்தில் இருக்கின்றன. கரையோரம் தேடுகிறவனுக்கு அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. வெயில் ஏற ஏற, வடக்கே ஒரு சின்ன ஓடையில் தண்ணீர் 63 காட்டியது. இரண்டடி ஆழத்தில் தாம்பாளம் அளவுக்கு வெளிறிய வட்டங்கள். ஆண் மீன் வாலால் மண்ணைத் துடைத்து வைத்த படுக்கை. ஒன்றின் மேல் அது காவல் நிற்பதையும் பார்த்தோம். மச்சான் புழுவைப் போடலாமா என்றான். வேண்டாம் என்றேன். அதைப் பிடிக்கச் சட்டத்தில் தடை இல்லை, பலரும் பிடிக்கிறார்கள். ஆனால் ஆண் மீனைத் தூக்கிய அந்தச் சில நிமிடத்திலேயே சின்னச் சன்ஃபிஷ்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். பக்கத்தில் சற்று ஆழத்தில் வேறு மீன்கள் இருக்கும்போது அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆழத்தில் கரோலினா ரிக் இழுத்தோம். முக்கால் அவுன்ஸ் குண்டு அடியில் உருண்டு வர, மூன்றடி பின்னால் பல்லி வடிவப் புழு மிதந்து வரும். குண்டு மண்ணில் வரும்போது வழவழப்பு. முங்கிய பழைய ரோட்டின் ஜல்லியைத் தொட்டதும் கைக்கு நறநறவென்று தெரியும். ஜல்லி தெரிந்த இடத்தில் மீன் இருந்தது. 16-க்குக் கீழே நான்கைந்து எடுத்துக்கொண்டோம். சின்ன மீன்கள் குறைந்தால்தான் நடு அளவு மீன்கள் பெருகும்; அளவு விதியின் நோக்கத்தில் அதுவும் ஒன்று.

மீன் தொட்டியின் காற்று பம்ப் மதியம் நின்றுவிட்டது. ஐஸ் பெட்டி கையில் இருந்ததால் கவலையில்லை. பம்ப்பின் உள்பாகம் 30 டாலர் சொச்சம், திருகிக் கழற்றி மாட்டுவது. பேரிங், பேட்டரி, பம்ப். பயந்து பயந்து சோதித்து வாங்கிய அந்தப் பெரிய மோட்டார் மட்டும் சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஒரே முனகலில் கிளம்பியது. பழைய போட்டில் காசு போவதும் பயணம் நிற்பதும் மோட்டாரால் என்று பயமுறுத்துகிறார்கள். நான் பார்த்தவரை ரப்பரும் ஒயரும் கிரீஸும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

ராத்திரி கேபினில் மீன் வறுவல். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை. கறிவேப்பிலை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தோம். பாஸின் சதை வெள்ளை, முள் குறைவு, மசாலாவை நன்றாக வாங்கிக்கொள்கிறது. வாசனை பிடித்துப் பக்கத்துக் கேபின் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பாஸைச் சாப்பிட்டதே இல்லையாம். இங்கே பெரும்பாலோர் அப்படித்தான்: பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட் என்பவர் 1972-லிருந்து தன் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடச் சொல்லிப் பழக்கிய வழக்கம் இன்று கிட்டத்தட்ட மதம் மாதிரி ஆகிவிட்டது. ஏரிகளைக் காப்பாற்றிய வழக்கம், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தோம். அந்த அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, கண்ணில் நீர் வர, இன்னொன்று எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவர் கணவர், தான் கையால் கட்டிய ஜிக் (தலையில் குண்டு வைத்த தூண்டில் முள்) ஒன்றைக் கொடுத்தார். பச்சைப் பூசணி நிறத்தில் ரப்பர் குஞ்சம், முள்ளைச் சுற்றிச் செம்புக் கம்பியில் நெருக்கமாகப் போட்ட கட்டு. கடையில் வாங்கும் ஜிக் பலவற்றில் ரப்பர் வளையம் மட்டும்தான் இருக்கும், போகப் போகக் குஞ்சம் நழுவிவிடும்.

மார்ச் 17, திங்கள்: திரும்பும் வழி

காலையில் போட்டை ஏற்றி, அடைப்பானைக் கழற்றி, அடித்தொட்டி, மீன் தொட்டி எல்லாவற்றிலும் இருந்த தண்ணீரை வடித்தோம். மோட்டாரையும் கீழே இறக்கி வடியவிட்டோம். பொது ஏரியை விட்டுக் கிளம்பும் முன் இது கட்டாயம். சீப்ரா மட்டி என்ற சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு இந்தத் தண்ணீரில்தான் பயணம் போகிறது. ட்ரெய்லரில் தொங்கிய பாசியையும் கையால் பிய்த்துப் போட்டோம்.

இறக்கும் முன் ஹப் சூடு ஆற விட வேண்டும், ஏற்றிய பின் தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் துப்பாக்கியால் இரண்டு அழுத்து அழுத்தினேன், வலப்பக்கத்தில் சுத்தமான சிவப்பு கிரீஸ் வந்தது. இடப்பக்கத்தில் வந்தது காப்பி நிறம்.

அதனால் 50 மைலுக்கு மேல் போகவில்லை. எமரியில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தோம்: வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட. லோன் ஓக்கில் அதே நிலை. கிரீன்வில்லில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று, இடப்பக்கத்துக்கும் ஒரு பேரிங் செட் வாங்கி, அங்கேயே ஓரமாகப் போட்டு மாற்றிவிட்டோம். பெரியவர் செய்த மாதிரியே உள்ளங்கையில் கிரீஸ் வைத்து மச்சான் அழுத்தினான், பிதுங்கி வரும்வரை. 38 டாலர், ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு டாலஸ் வரை 60 மைலில் ஓட்டினேன்.

கேபின், பெட்ரோல், சாப்பாடு, உரிமம், உதிரி எல்லாம் சேர்த்து இருவருக்கும் 800 டாலருக்குக் கொஞ்சம் மேல். நன்னீர் மீன்பிடி உரிமம் ஆளுக்கு 30 டாலர், ஆகஸ்ட் 31 வரை பயன்படும். பம்ப்பின் உள்பாகம் வியாழக்கிழமை வருகிறது. ட்ரெய்லர் டயர்களின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பார்த்தேன்: 2016, அதாவது 2016-ன் இருபதாவது வாரம். அடுத்த செலவு அதுதான், ஏப்ரலில் மறுபடி போவதற்கு முன்.